சலவையில் வெளுத்த கடல்

எல்லாரும் சௌக்கியம்தானே? மூட்டு வலிக்காரர்களுக்கு மூட்டு தேவலையா, சளி பிடித்தவர்களுக்குச் சளி விட்டதா? இங்கே ஸ்கெல்பியில் மழை நின்றிருக்கிறது. நின்றிருக்கிறது என்றால், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது திரும்ப ஆரம்பிப்பதற்குள் எட்கர் பிர்கெட்டின் கதையைச் சொல்லி முடித்துவிட வேண்டும். டீ வேண்டுமென்றால் இப்போதே போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதுதான் கதையே.

எட்கர் வீடு வீடாகப் போய் வெந்நீர்க் கொதிகலன் பழுது பார்ப்பவர். ஸ்கெல்பி கிரிக்கெட் கிளப்பில் பத்தாவது ஆளாக மட்டை பிடிப்பவர். பதினோராவது ஆள் பாதிரியார். பந்து வருவதைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால் ஜெபம் என்பார். அதனால் எட்கருக்குத் தன் ஆட்டத்தைப் பற்றி ஓரளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

கிளப்பின் ஆண்டுக் கூட்டம் 'கறுப்பு ஆடு' என்ற மதுக்கடையின் பின்னறையில் நடக்கும். யாரும் விரும்பாத பதவி ஒன்று காலியானால், அந்த நேரத்தில் அறையில் இல்லாதவர் தலையில் அதைக் கட்டிவிடுவது வழக்கம். இது எல்லாருக்கும் தெரியும். ஆகவே கூட்டத்தன்று ஸ்கெல்பி ஆண்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கூட்டம் முடிகிறவரைக்கும் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பாவம் எட்கருக்கு முடியவில்லை. ஒரே ஓட்டமாகப் போய் ஒரே ஓட்டமாக வந்தார். கதவைத் திறந்தால் கைதட்டல்.

"வாங்க செயலாளரே," என்றார் கேப்டன் ஸ்டான் டோக்கர். ஸ்டான் ஆடு வளர்ப்பவர். ஆட்டை அதட்டுகிற குரலிலேயே அணியையும் அதட்டுவார்.

"யாரு செயலாளர்?"

"நீதான்ப்பா. ஒருமனதா."

"நான் பாத்ரூம்ல இல்ல இருந்தேன்."

"அதனாலதான் ஒருமனதா."

மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கே அப்படி மறுக்க முடியாது. காலில் பாறாங்கல் விழுந்தவன்கூட, "பரவால்ல, இன்னொரு கால் இருக்குல்ல" என்று சொல்ல வேண்டிய ஊர் இது. எட்கர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வின்னி கேட்ட முதல் கேள்வி, "அப்ப மைதானம் போனா உன் பேர்லதான் போகுமா?" என்பது.

மைதான விஷயம் இதுதான். பழைய பண்ணையார் ஒருவர் சாகும்போது, ஸ்கெல்பி அணி லீக்கில் ஆடும் வரைக்கும் மைதானம் கிளப்புக்கு, லீக்கைவிட்டு வெளியேறும் நாளில் அது தன் குடும்பத்துக்கு என்று உயில் எழுதி வைத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் இப்போது மிஞ்சியிருப்பவர் பேரன் முறையான ரூபர்ட் ஒருவர்தான். அவருக்கு அங்கே சுற்றுலாக்காரர்களுக்கான வண்டி வீடுகளை வரிசையாக நிறுத்த ஆசை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து எல்லைக்கோட்டின் மேல் அடி மேல் அடி வைத்து அளந்துகொண்டிருப்பார். ஸ்கெல்பி ஆள் யாராவது நான்கு ஓட்டம் அடித்தால் நின்று கைதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அளப்பார். அதுதான் இன்னும் எரிச்சல்.

எட்கர் பதவிக்கு வந்த குளிர்காலத்தில்தான் கெல்லர் வட்டார லீக்கின் தலைவர் ஹ்யூகோ ஹார்பாட்டிலுக்குச் சீர்திருத்த யோசனை வந்தது. கம்பள வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். எல்லாக் கிளப் செயலாளர்களையும் ஓர் ஓட்டல் மண்டபத்துக்கு வரவழைத்து, பச்சைக் கோட்டும் லீக் சின்னமுமாக மேடை ஏறினார்.

"நண்பர்களே, நம்ம லீக்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு அஞ்சு பிரிவு இருக்கு. எண்ணுங்கறது மனுஷன் மனசைப் புண்படுத்தற விஷயம். அஞ்சாம் பிரிவுல ஆடறவன் எப்படி நிமிந்து நடப்பான்? அதனால இனிமே அஞ்சாம் பிரிவே கிடையாது."

அஞ்சாம் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த ஸ்கெல்பியின் சார்பில் எட்கர் பலமாகக் கைதட்டினார்.

"இனிமே மொத்தம் பதினோரு பிரிவு," என்றார் ஹார்பாட்டில்.

அவர் வாசித்தார். முதன்மைப் பிரிவு, மேன்மைப் பிரிவு, மாட்சிமைப் பிரிவு, எழுச்சி வடக்கு, எழுச்சி வடக்கல்லாதது என்று அது போய்க்கொண்டே இருந்தது. எது எதற்கு மேல் என்று ஒருவர் கேட்டார். "அது தெரியாதபடி வெச்சதுதான் இதோட அழகே," என்றார் ஹார்பாட்டில். மாட்சிமைப் பிரிவில் ஒரே ஓர் அணிதான் இருந்தது. அந்த அணியின் செயலாளர் சந்தேகத்தோடு எழுந்தார்.

"அப்ப நாங்க யாரோட ஆடறது?"

"நீங்க ஆடவே வேணாம். நீங்கதான் சாம்பியன். வாழ்த்துகள்."

"ரொம்ப நன்றிங்க."

"கடைசி இடமும் நீங்கதான். அதனால விதிப்படி கீழ இறக்கிருவோம். அடுத்த வருஷம் நல்லா ஆடுங்க."

கிளப்களைக் கேட்டீர்களா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஹார்பாட்டில் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மலர்ந்தார்.

"எல்லாரையும் கேட்டோம். பதில் போடாத கிளப்பெல்லாம் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். வேணாம்னு பதில் போட்ட கிளப்பெல்லாம் விஷயம் புரியாம போட்டிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டோம். ஆக, நூத்துக்கு நூறு ஆதரவு."

கடைசியாக, பயணம் குறைய வேண்டும் என்பதற்காகப் பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒரே பிரிவில் போட்டிருப்பதாகச் சொல்லி ஆளுக்கொரு தடித்த புத்தகம் கொடுத்தார். எட்கர் ஸ்கெல்பியின் பெயரைத் தேடினார். 'நம்பிக்கை தெற்கு' என்ற பிரிவில் இருந்தது. கூடவே டார்ன்டேல் முதலான சில ஊர்கள். எட்கருக்கு அந்த ஊர்களைத் தெரியும். தினமும் பார்க்கிறவர்தான். ஸ்கெல்பி கரையில் நின்றால் விரிகுடாவுக்கு அக்கரையில் விளக்குகளாகத் தெரியும். நடுவில் முழுக்கக் கடல்.

கூச்சத்தோடு கையைத் தூக்கினார். "ஐயா, டார்ன்டேல் எங்களுக்குப் பக்கத்து ஊரு இல்லீங்களே."

"ஏழே மைல், மிஸ்டர் பிர்கெட். நானே அளந்தேன்."

"ஏழு மைல்தாங்க. நடுவுல கடல் இருக்குதுங்களே."

ஹார்பாட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடல் நம்ம லீக்ல உறுப்பினரா?"

"இல்லீங்க."

"அப்ப அதைப் பத்தி இங்க பேச முடியாது. அடுத்த கேள்வி."

கோடை வந்தது. நம்பிக்கை தெற்கில் ஸ்கெல்பி அக்கரைக்குப் போய் ஆட வேண்டிய முதல் ஆட்டம். விரிகுடாவைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சனிக்கிழமை என்பதால் அந்தச் சாலை முழுக்க விடுமுறைக்காரர்களின் வண்டி வீடுகள், ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஸ்டான் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றையும் திட்டினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எதிரணி ஆடை மாற்றி, டீ குடித்து, சாண்ட்விச்சைத் தின்று முடித்து, கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தது. வராத அணி என்று எழுதிவிட்டார்கள். அடுத்த முறை விடியற்காலையிலேயே கிளம்பினார்கள். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஆறு பேருக்கு வாந்தி. நடந்தே வருகிறேன் என்று இறங்கிய பாதிரியார் திங்கட்கிழமைதான் ஊர் வந்து சேர்ந்தார். ஆள் போதாமல் அதுவும் வராத ஆட்டம்தான்.

லீக்கிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது முறையும் வராவிட்டால் ஸ்கெல்பி லீக்கிலிருந்து நீக்கப்படும். அந்தச் சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ரூபர்ட் ஒரு நண்பரையும் அழைத்து வந்து, விக்கெட் இருக்கும் இடத்தைக் கையால் காட்டி, "இங்க நீச்சல் குளம்," என்று சொல்லிக்கொண்டிருந்ததை எட்கர் காதால் கேட்டார்.

அடுத்த நாளே முறையிடக் கிளம்பினார். லீக் அலுவலகம் என்பது ஹார்பாட்டிலின் வீட்டு முன்னறை. அவர் பச்சைக் கோட்டோடு கதவைத் திறந்து, எட்கர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"இது பயணத் துணைக்குழு பாக்க வேண்டிய விஷயம். கொஞ்சம் உக்காருங்க."

உள்ளே போனார். சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்து கை குலுக்கினார். "வாங்க மிஸ்டர் பிர்கெட். துணைக்குழுவுக்கு நான்தான் பொறுப்பு. நீங்க வந்திருக்கறதா தலைவர் சொன்னாரு. என்ன விஷயம்?"

"இப்பத்தானே சொன்னேன்?"

"அவர்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட முதல்லேருந்து சொல்லுங்க."

எட்கர் முதலிலிருந்து சொன்னார். சிவப்புக் கோட்டு கேட்டுவிட்டு, துணைக்குழு கோரிக்கையை நிராகரிப்பதாகவும், வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லி உள்ளே போனது. நீலக் கோட்டு வெளியே வந்தது.

"மேல்முறையீட்டுக் குழு சார்பா வரவேற்கறேன். துணைக்குழு தீர்ப்பை இப்பத்தான் படிச்சேன். ரொம்ப நியாயமான தீர்ப்பு. அந்த ஆளை எனக்குத் தனிப்பட்ட முறையிலயே தெரியும். நேர்மையானவரு."

எட்கர் சுவரைப் பார்த்தார். சுவரில் சட்டம் போட்ட வரைபடம் தொங்கியது. அதன் மேல் ஊருக்கு ஊர் பென்சிலில் நேர்கோடு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது காகிதமே இல்லை. பாத்திரம் துடைக்கிற துணி. சுற்றுலா ஊர்க் கடைகளில் அந்த வட்டாரத்தின் படம் அச்சடித்து விற்பார்களே, அது.

"இதை வெச்சா அளந்தீங்க?"

"ஏன், நல்ல பருத்தி."

"இதுல நீலமே இல்லீங்களே."

"நீலம் எதுக்கு?"

"கடலுக்கு."

அந்த நேரம் டீயோடு வந்த மிஸஸ் ஹார்பாட்டில் துணியைப் பார்த்துச் சிரித்தார். "அது நாங்க தேனிலவு போனப்ப வாங்கினதுங்க. அப்ப நடுவுல அம்சமா நீலமா இருந்துச்சு. சலவைச் சோடா போட்டுத் துவைச்சுத் துவைச்சு எல்லாம் போயிருச்சு."

ஹார்பாட்டில் எட்கரை வெற்றியோடு பார்த்தார். "கேட்டீங்கல்ல? முன்னாடி இருந்துச்சு. இப்ப இல்ல."

"துணியிலதாங்க இல்ல."

"மிஸ்டர் பிர்கெட், வரைபடத்தையே சந்தேகப்பட ஆரம்பிச்சா அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு நடக்குமா? சரி, உங்களுக்காக ஒண்ணு செய்யறேன். அடுத்து வர்ற டார்ன்டேல் ஆட்டத்துக்கு நானே உங்ககூட வர்றேன். நேர்கோட்டுல. ரெண்டு மணிக்குள்ள முதல் பந்து விழலைன்னா அன்னிக்கே, அங்கயே உங்களை நீக்கிருவேன். அலைச்சல் மிச்சம்."

எட்கர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வின்னி முட்டையை வேகப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புத்தகத்தைப் படிச்சியா?"

"எந்தப் புத்தகம்?"

"அந்த ஆள் குடுத்தாரே. படிச்சுப் பாரு. இந்த மாதிரி ஆளுங்க எழுதறதைத் திரும்பப் படிக்க மாட்டாங்க."

கொதிகலன் சூடேறக் காத்திருக்கும் நேரங்களில், அடுத்தவர்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து எட்கர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். முக்கால்வாசி புரியவில்லை. புரிந்தவற்றில் இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார். ஒன்று, ஒரே ஒரு பந்து வீசப்பட்டுவிட்டால் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கு. அதற்குப் பிறகு நின்றுபோனால் கைவிடப்பட்ட ஆட்டம், இரு அணிக்கும் பாதிப் புள்ளி, வராத ஆட்டம் ஆகாது. இன்னொன்று, சொந்த மைதானம் சரியில்லையென்றால் அந்த ஊர்க் கேப்டன் தலைவரிடம் சொல்லிவிட்டு வேறு இடத்தில் ஆடலாம்.

கெல்லர் விரிகுடாவில் தினம் இரண்டு முறை கடல் உள்வாங்கும்போது மைல் கணக்கில் மணல் திடல் தெரியும். வழி தெரிந்தவர்கள் டிராக்டரில் கடப்பது உண்டு. ஸ்டானுக்கு வழி தெரியும், அல்லது தெரியும் என்று சொன்னார். அந்தச் சனிக்கிழமை வானத்தில் ஒரு மேகம் இல்லை. நண்பகலுக்குக் கடல் உள்வாங்கியிருந்தது. டிராக்டரின் பின்னால் ஆட்டுக் கூண்டு வண்டி. அதில் வெள்ளை உடையில் ஸ்கெல்பி அணி, சாப்பாட்டுக் கூடையோடு வின்னி, பச்சைக் கோட்டில் ஹார்பாட்டில். ஆட்டுப் புழுக்கையின் மேல் கைக்குட்டை விரித்து அதன் மேல் நின்றுகொண்டார். கரையில் ரூபர்ட் வழியனுப்ப வந்திருந்தார். கையில் அளவு நாடா.

"பாத்தீங்களா," என்றார் ஹார்பாட்டில் நடு மணலில். "எங்க கடல்? கடல் கடல்னு சொன்னீங்களே."

"வெளிய போயிருக்குங்க," என்றார் எட்கர். "திரும்பி வரும்."

டார்ன்டேல் கரை கண்ணுக்கு எதிரே வந்தது. கிளப் கட்டடமும் கொடிக்கம்பமும் தெரிந்தன. அந்த இடத்தில் டிராக்டரின் முன் சக்கரம் மணலுக்குள் இறங்கி நின்றுவிட்டது. ஸ்டான் இறங்கிப் பார்த்தார், உதைத்தார், ஆட்டைத் திட்டுகிற வார்த்தைகளால் திட்டினார். அசையவில்லை.

ஹார்பாட்டில் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணே முக்கால். கரைக்கு நடந்தா எவ்வளவு நேரம்?"

"அரை மணி ஆகுங்க," என்றார் ஸ்டான்.

"அடடா," என்றார் ஹார்பாட்டில். வருத்தம்தான். ஆனால் பாக்கெட்டிலிருந்து நீக்கல் உத்தரவை எடுக்கும்போது அது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மடித்து வைத்திருந்தது.

எட்கர் செல்போனை எடுத்து டார்ன்டேல் கேப்டன் நதீமைக் கூப்பிட்டார். நதீம் அந்த ஊரில் மீன் வறுவல் கடை வைத்திருப்பவர். லீக் கூட்டங்களில் பின்வரிசையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் எட்கர் பாய்," என்றார் நதீம். "மொத்த ஊரும் பைனாகுலர்ல பாக்குது. என்ன, நின்னுருச்சா?"

"நின்னுருச்சு. நதீம், உங்க மைதானம் சரியில்லை."

"யாரு சொன்னா? புல்லு இப்பத்தான் வெட்டினோம்."

"நீங்க சொல்லணும். சரியில்லைன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டு வேற இடத்துல ஆடலாமாம். புத்தகத்துல இருக்கு. ரெண்டு மணிக்குள்ள இங்க வர முடியுமா?"

நதீம் யாரிடமோ கத்துவது கேட்டது. "டேய், ஸ்டம்பைப் புடுங்குடா. எல்லாரும் வண்டியில ஏறு."

டார்ன்டேல் அணி நதீமின் மீன் வண்டியில் ஈர மணலின் விளிம்பு வரைக்கும் வந்து, அங்கிருந்து கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடி வந்தது. நடுவர்கள் இருவரும் வெள்ளைக் கோட்டைப் பாவாடை போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். நதீம் மூச்சிரைக்க ஹார்பாட்டில் எதிரில் நின்றார்.

"சார், எங்க மைதானம் சரியில்லை."

"என்ன கோளாறு?"

நதீம் எட்கரைப் பார்த்தார். எட்கர் மணலைப் பார்த்தார்.

"அங்க ஸ்டம்ப் இல்ல," என்றார் நதீம், கையிலிருந்த ஸ்டம்புகளைக் காட்டி. "அதனால இதைத்தான் இன்னிக்கு எங்க மைதானமா அறிவிக்கறேன். உங்ககிட்ட சொல்லிட்டேன்."

ஹார்பாட்டில் தம் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. அவர் எழுதியதுதான். "மைதானம்னா டீ வசதி இருக்கணும். டீ வசதி இல்லாத இடத்தை லீக் ஏத்துக்காது."

வின்னி கூடையைத் திறந்து, முட்டை சாண்ட்விச் ஒன்றை அவர் கையில் வைத்து, குடுவையிலிருந்து டீ ஊற்றி மற்றக் கையில் கொடுத்தாள். "சர்க்கரை ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு," என்றார் ஹார்பாட்டில் தன்னையறியாமல்.

காசு சுண்டினார்கள். காசு மணலில் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றது. இன்னொரு முறை சுண்டினார்கள். ஸ்கெல்பி முதலில் ஆட வேண்டும். தொடக்க ஆட்டக்காரர்கள் கால் பட்டைகளைத் தேடி வண்டிக்குள் கவிழ்ந்து கிடக்க, நேரம் போய்க்கொண்டிருந்தது. எட்கர் பட்டையே இல்லாமல் மட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக முதல் ஆள். நதீம் ஓடி வந்து வீசினார். பந்து மணலில் விழுந்து அங்கேயே புதைந்துபோனது. எட்கர் அதை அடிக்கவில்லை. கவனமாகப் பார்த்து விட்டுவிட்டார்.

"அருமையா விட்டீங்க," என்றார் பாதிரியார் கண்ணைத் திறந்து.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு அடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. ஸ்கெல்பி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. ஸ்டான் மட்டும் மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் வின்னி சொன்னாள். "கால் நனையுது."

கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், பாய் விரிப்பது போல. நடுவர்கள் ஹார்பாட்டிலிடம் வந்தார்கள்.

"கைவிட்டுரலாமா சார்? காரணம் தலைமைதான் எழுதணும்னு புது விதி."

ஹார்பாட்டில் சாண்ட்விச்சைக் கோட்டுப் பையில் செருகி, ஒரு கையில் கோப்பையோடு மறு கையால் புத்தகத்தில் பக்கத்தைத் தேடினார். "கைவிடறதுக்கு ரெண்டே காரணந்தான் இருக்கு. ஒண்ணு மழை. இன்னொண்ணு வெளிச்சக் குறைவு. கடல்னு இல்லை. விதியில இல்லாத காரணத்துக்கு ஆட்டத்தை நிறுத்த முடியாது. தொடரட்டும்."

"தண்ணி உங்க சாக்ஸுக்கு வந்திருச்சு," என்றார் நதீம்.

"என் சாக்ஸ் இந்த ஆட்டத்துல இல்லை. தொடரட்டும்."

"எங்க தொடர்றது? பந்து மிதந்து போகுது."

"பந்து தொலைஞ்சா வேற பந்து எடுக்கலாம். ஏழாம் அத்தியாயம்."

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. இனி நின்றால் டார்ன்டேல் கரைக்கும் நடக்க முடியாது. எல்லாரும் ஹார்பாட்டிலைப் பார்த்தார்கள். அவர் நகர்வதாக இல்லை. அவரை விட்டுவிட்டுப் போனால், ஆட்டத்தின் நடுவே களத்தைவிட்டு ஓடிய அணி என்று எழுதிவிடுவார். எட்கர் பக்கத்தில் போனார். கொதிகலன் வெடிக்கப் போகிற வீட்டில் கிழவிகளிடம் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"ஐயா, மழைன்னா என்னங்க?"

"தண்ணி வர்றது."

"எங்கேருந்து வரணும்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

ஹார்பாட்டில் புரட்டினார். முழங்காலுக்குக் கீழே அலை ஒன்று சளப்பென்று அடித்தது. "போடலை," என்றார்.

"இது பக்கவாட்டுல வர்ற மழைங்க."

ஹார்பாட்டில் நிர்மலமான வானத்தைப் பார்த்தார். காலடியில் பார்த்தார். வெகுநாள் கழித்து ஒரு மனிதர் தம் மொழியில் பேசுவதைக் கேட்டவர் போல முகம் தெளிந்தது. பேனாவை எடுத்து, நடுவரின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினார்: ஆட்டம் மழையால் கைவிடப்பட்டது. எழுதி முடித்தபின் நீக்கல் உத்தரவை எடுத்துப் பார்த்தார். அலைத் தெறிப்பில் அது நனைந்து கையெழுத்து முழுக்கக் கரைந்திருந்தது. சோடாகூடப் போடவில்லை.

எல்லாரும் டார்ன்டேல் கரைக்கு நடந்தார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் ஹார்பாட்டிலை நதீமும் ஸ்டானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோப்பையை மட்டும் அவர் விடவில்லை. டிராக்டரைக் கடல் போன பிறகு இழுத்துக்கொண்டார்கள். அன்று டார்ன்டேலில் இரண்டு அணிகளின் சாண்ட்விச்சையும் எல்லாரும் சேர்ந்து தின்றார்கள், மேலே நதீம் கடை மீன் வேறு. அக்கரையில் ரூபர்ட் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள்.

வருடக் கடைசியில் லீக்கின் ஆண்டுக் கூட்டம். இல்லாதவர் தலையில் கட்டுகிற வழக்கம் அங்கேயும் உண்டு. ஹார்பாட்டில் தலைவரான நாள் முதல் ஒருமுறைகூடக் கூட்டத்தின் நடுவே எழுந்து போனதில்லை. அதனால்தான் அவர் தலைவராகவே இருந்தார். ஆனால் கடல் தண்ணீரில் பிடித்த சளி அவரை விடவில்லை. டாக்டர் சொன்னபடி ஒரு பெரிய குடுவை நிறைய எலுமிச்சை வெந்நீரை வைத்துக்கொண்டு, குடித்துக் குடித்துப் பேசினார்.

"புதுப் பிரிவுகள் கிளப்புகளை நெருக்கமா கொண்டாந்திருக்கு. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லலை. ரெண்டு கிளப்பு பாதி வழியில ஒண்ணை ஒண்ணு சந்திச்சதை இந்தக் கண்ணால பாத்தேன். எந்தச் சீர்திருத்தத்துக்காவது இதுக்கு மேல வெற்றி உண்டா? மழை மட்டும் குறுக்க வரலைன்னா."

கைதட்டினார்கள். அவர் இன்னும் இரண்டு கோப்பை குடித்தார். செலவுக் கணக்கு வாசிக்கும்போது நெளிந்தார். காலைப் பின்னினார். கடைசியில், "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கதவு மூடியது. மண்டபம் முழுக்க அசைவற்று உட்கார்ந்திருந்தது. அத்தனை செயலாளர்களும் திரும்பி எட்கரைப் பார்த்தார்கள். எட்கர் மெதுவாக எழுந்தார்.

"நம்பிக்கை தெற்குப் பிரிவு ஆட்டங்களுக்கு விரிகுடாவைக் கடக்க ஒரு வழிகாட்டி வேணும். டிராக்டருக்கு முன்னாடி தடியை ஊன்றிக்கிட்டு நடந்து போய், மணல் கெட்டியா இருக்கான்னு பாக்கணும். சம்பளம் இல்லாத பதவி. எல்லா ஆட்டத்துக்கும் வந்தாகணும்."

"வழிமொழியறேன்," என்றார் நதீம், நாற்காலியிலிருந்து எழுந்துகூட நிற்காமல்.

ஹார்பாட்டில் திரும்பி வந்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் வாசலில் நின்று திகைத்தார். பிறகு கண் கலங்கினார். தம் உழைப்பை இவ்வளவு காலம் கழித்தாவது மதித்தார்களே என்று நெகிழ்ந்து, மேடை ஏறி நன்றி சொன்னார். பெற்றோரை நினைவுகூர்ந்தார். கம்பள வியாபாரத்தின் ஆரம்ப நாட்களைச் சொன்னார். "நீங்க குடுத்த இந்தப் பதவியை முழு மனசோட, எந்தக் காலத்திலயும் விலகாம செய்வேன்னு உறுதி குடுக்கறேன்," என்றார். பிறகு பக்கத்தில் குனிந்து கேட்டார். "என்ன பதவி?"

எட்கர் சொன்னார். அவர் தடியையும் கொண்டு வந்திருந்தார்.

மறுக்க முடியாதே. இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே.

அடுத்த வாரமே பிரிவுகள் மறுபடி திருத்தியமைக்கப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தொலைநோக்கோடு எடுத்த முடிவு என்று அறிக்கையில் இருந்தது. ஸ்கெல்பி இப்போது தன் கரை ஊர்களோடு அஞ்சாம் பிரிவில், வழக்கம் போலக் கடைசி இடத்தில், நிம்மதியாக இருக்கிறது. ரூபர்ட் இன்னும் எல்லைக்கோட்டில் நடக்கிறார். எப்படியும் நடக்கிறாரே என்று ஸ்டான் அவரிடமே சுண்ணாம்பு வாளியைக் கொடுத்துக் கோடு போட வைத்துவிட்டார். டார்ன்டேலோடு வருடத்துக்கு ஒரு நாள் நடு மணலில் நட்பு ஆட்டம் உண்டு. ஒரே ஒரு பந்து, பிறகு டீ.

வின்னி கிறிஸ்துமஸுக்கு ஹார்பாட்டில் வீட்டுக்கு ஒரு பரிசு அனுப்பினாள். விரிகுடா படம் போட்ட புதுத் துணி. நடுவில் கண்ணைப் பறிக்கும் நீலம். கூடவே ஒரு சீட்டு: 'வெந்நீரில் போடாதீர்கள்.'

உங்கள் பக்கத்துச் சங்கங்களில், கோயில் கமிட்டியில், குடியிருப்போர் கூட்டத்தில் இதெல்லாம் எப்படி? நீங்கள் எழுந்து போன நேரத்தில் உங்கள் தலையில் என்ன கட்டினார்கள்? விவரமாக எழுதி அனுப்புங்கள். வெட்கப்பட வேண்டாம், இங்கே எல்லாருக்கும் நடந்ததுதான். கூட்டம் இன்னும் முடியவில்லை என்றால் மட்டும் எழுந்திருக்காதீர்கள், உட்கார்ந்தபடியே எழுதுங்கள்.